பொன்னாடை வேண்டாம், பஸ் காசு கொடுங்கள்: மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி. இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். எந்தச் சங்கத்துக்கு என்று பெயர் போட்டு எழுதவில்லை. அம்மா மலையில் கொழுந்து பறித்த இருபத்தெட்டு வருடங்களில் மூன்று சங்கங்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறார். அந்த உரிமையில் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன மாதம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா நடந்தது. நானும் வந்திருந்தேன். பழைய பட்டதாரி என்று முன்வரிசையில் நாற்காலி தந்தீர்கள், நன்றி. மாலை, பொன்னாடை, கேடயம், பேச்சு, மறுபடி பேச்சு. சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு தகப்பன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் மகனின் கேடயம்.

"தங்கச்சி, கோவிச்சிக்காதீங்க. இந்த நாலு வருசம் படிச்சா வேலை கெடைக்குமா? இவன் சித்தப்பா கொழும்புல கடை ஒண்ணுல சேத்துவிடுறேங்கிறாரு. எது நல்லது?"

படிப்பு வீண்போகாது, அனுப்புங்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் கேட்டது கணக்கு. நான் சொன்னது மேடைப் பேச்சு. அன்று சொல்லாத கணக்கை இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டும் சொன்னால் போதாது, அதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு.

நம் நாட்டில் பல்கலைக்கழகம் இலவசம். 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் வந்த இலவசக் கல்வி நம் தோட்டப் பள்ளிக்கூடங்களை எட்ட எழுபதுகள் ஆயிற்று என்பது வேறு கதை. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. சரி, நான் போனபோது இலவசம்தான். பாடத்துக்கு ஒரு சதம் கட்டவில்லை. ஆனால் இடம் கிடைத்தது மட்டக்களப்புப் பக்கம். தலவாக்கலையிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து இன்னொரு பஸ், விடிந்தால் புறப்பட்டு இருட்டும்போது போய்ச் சேரும் தூரம். போர்டிங் முற்பணம், மெத்தை, சாப்பாடு, போட்டோ கொப்பி. போட்டோ கொப்பியைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கலைப்பீடத்தில் நான்கு வருடம் நாங்கள் தின்றதைவிடக் கொப்பி அடித்தது அதிகம்.

2014 இல் நான் உள்ளே போனபோது அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். 2016 ஒக்டோபரில் உங்களில் சிலர் கையெழுத்துப் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் அது 500 ஆனது. கொடுப்பனவுகளைச் சேர்த்து 730 என்று மேடையில் சொன்னீர்கள். அந்தக் கொடுப்பனவுகளில் வரவுக்கு ஒரு கொக்கி, கிலோவுக்கு ஒரு கொக்கி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அதிலிருந்து சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்) 8 வீதம், கோயிலுக்குக் கொஞ்சம், உங்களுக்குக் கொஞ்சம். எனக்கு அப்போது மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபாய் கிடைத்தது. அதாவது அம்மாவின் பத்து நாள். மிச்சத்துக்கு அம்மாவின் தோடு இருந்தது. நான்கு வருடத்தில் அது ஐந்து முறை அடகுக்கடைக்குப் போய் வந்தது. கடைக்காரருக்கு என் பரீட்சைத் திகதிகள்கூடத் தெரியும்.

(அந்த 5000 பிறகும் அப்படியேதான் கிடந்தது. 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோதும் 5000 தான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7500 ஆக்கினார்கள். நாட்சம்பளத்துக்காக ரோட்டில் இறங்கிய நீங்கள் யாராவது ஒருவர், ஒரு நாள், இதற்காக இறங்கியதை நான் பார்க்கவில்லை.)

காசைவிடப் பெரிய செலவு வருடம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் உயர்தரப் பரீட்சை எழுதியது 2012 இல். பட்டம் வாங்கியது 2018 இல். அதன்பிறகு இரண்டு வருடம் டியூஷன் கொடுத்தேன், கம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன், விண்ணப்பம் போட்டேன். வேலையற்ற பட்டதாரிகளின் ஆர்ப்பாட்டத்துக்கென்று ஒரு தடவை கொழும்புக்கும் போனேன். கண்ணீர்ப்புகை அடிக்கவில்லை, பஸ் காசுதான் கண்ணில் எரிந்தது. 2020 செப்டெம்பரில் பட்டதாரி பயிலுநர் என்று எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபாய். உயர்தரப் பரீட்சைக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் எட்டு வருடம்.

அதே எட்டு வருடத்தில் தம்பி என்ன செய்தான் என்று சொல்கிறேன். அவன் சாதாரண தரத்தோடு நின்றவன். அடி வாங்கியும் படிக்காதவன் என்று லயமே சொல்லும். வயரிங் வேலை பழகி, என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) நான்காம் மட்டச் சான்றிதழ் எடுத்து, கொழும்பில் கட்டட வேலைகளில் இருந்து, 2019 இல் கட்டாருக்குப் போனான். அம்மாவின் தோட்டைக் கடைசியாக மீட்டது அவன் அனுப்பிய காசு. அவனுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. ஊருக்கு வந்தபோது கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு மட்டும் வந்தார்கள்.

என்னோடு படித்த இன்னொருத்திக்கு கேம்பஸ் கிடைக்கவில்லை. தகுதி பெறுகிற நான்கு பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்குத்தான் இடம் என்பது உங்களுக்குத் தெரியும். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் எடுத்தபோது அவள் சேர்ந்தாள். மாதம் 6000 ரூபாய், பிறகு 10,000. ஒரு ஆசிரியரின் வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு அந்தக் காசைக் கொடுத்தது அநியாயம்தான். ஆனாலும் அவள் பயிற்சிக் கல்லூரி முடித்து ஆசிரியர் சேவையில் சேர்ந்தபோது நான் இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, காசுக்கணக்கில் எங்கள் மூவரில் கடைசி ஆள் நான்தான். "அக்கா படிச்சி என்னத்தக் கண்டா?" என்று லயத்தில் கேட்பவர்களிடம் இப்போது கோபப்படுவதில்லை.

என்னத்தைக் கண்டேன் என்றால், ஒன்று சொல்லலாம். அம்மா வேலையிலிருந்து நின்றபோது சேமலாப நிதிப் பதிவில் அவர் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. இந்தக் கதை இல்லாத வீடு தோட்டத்தில் குறைவு. தலைவரைப் பிடித்து, அவர் ஆளைப் பிடித்து, வருடக்கணக்கில் அலைவார்கள். நான் சத்தியக் கடதாசியை எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் போய், தொழில் திணைக்களத்தில் சிங்களத்திலேயே பேசி, நான்கு மாதத்தில் முடித்தேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் ஆள் வராத வாரமில்லை. அஸ்வெசும (அரச நிவாரணக் கொடுப்பனவு) மேன்முறையீடு, காணாமற்போன பிறப்புப் பதிவு, எல்லாம் வரும். இதற்கு டிகிரி வேண்டுமா? நேர்மையாகச் சொன்னால் தெரியவில்லை. சிங்களம் நான் வகுப்பில் படித்ததல்ல, விடுதியில் மொனராகலைப் பிள்ளை ஒருத்தியோடு நான்கு வருடம் ஒரே அறையில் இருந்து வந்தது. ஒரு அதிகாரியின் முன் நின்று "எந்தச் சுற்றறிக்கையின்படி?" என்று கேட்கும் தைரியமும் அங்கேதான் வந்தது. அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால் தோட்டை இன்னும் ஐந்து முறை அடகு வைப்பேன் என்பார்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

பட்டம் பெறுமதியா இல்லையா என்று என்னைக் கேட்டால், எந்தப் பட்டம் என்றுதான் திருப்பிக் கேட்பேன். நான் கலைப் பிரிவை விரும்பி எடுக்கவில்லை. சாதாரண தரத்தில் எனக்குக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு. எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. இருந்த பாடசாலைக்கு ஹட்டனுக்குப் போகவேண்டும், தங்க வேண்டும், இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் தனியாக டியூஷன் கட்டவேண்டும். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, "பக்கத்துலயே படி" என்றார். பதினாறு வயதில் அந்த ஒரு வாக்கியத்தில் என் பட்டத்தின் சந்தை விலை முடிவாகிவிட்டது. அன்று எனக்கு அது தெரியாது.

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. அதாவது நம் மாவட்டத்துக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்குப் போட்டியிட ஒரு பிள்ளை முதலில் தமிழில் இரசாயனவியல் படிக்க வேண்டுமே! லயத்திலிருந்து வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வகுப்புவரை போய்ச் சேர்கிறார்கள் என்று உங்களில் யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

தேர்தல் வரும்போதெல்லாம் மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் என்கிறீர்கள். வரட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் அதிலும் ஒரு கலைப்பீடத்தை மட்டும் திறந்து, என்னைப்போல இன்னும் சில நூறு பேரை உருவாக்கி, அபிவிருத்தி உத்தியோகத்தர் வரிசையில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். அதற்கு முன் ஹட்டனில், தலவாக்கலையில், பண்டாரவளையில் உயர்தர விஞ்ஞான மாணவர்கள் தங்க ஒரு விடுதி போடுங்கள். பெரிய கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. உங்கள் சங்கக் கட்டடங்களின் மேல்மாடியில் தேர்தலுக்குத் தேர்தல்தான் விளக்கு எரிகிறது. இரண்டு அறையைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் போதும், என் அப்பாவைப் போன்றவர்கள் வேறு வாக்கியம் சொல்வார்கள்.

இன்னொன்று. கேம்பஸ் கிடைக்காத பிள்ளைகளை இப்போது வேறொரு கூட்டம் பிடிக்கிறது. பஸ் நிலையச் சுவரெல்லாம் "வெளிநாட்டுப் பட்டம், இங்கேயே" என்று போஸ்டர். என் பெரியப்பா மகன் ஒருவன் அப்படி ஓர் இடத்தில் சேர்ந்தான். பெரியப்பாவின் சேமலாப நிதி, சீட்டுக்காசு எல்லாம் போயிற்று. இரண்டாம் வருடத்தில்தான் தெரிந்தது, அந்தப் பட்டத்தை அரச வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று. தனியார் பட்டம் எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. நன்றாக நடத்துகிற இடங்களும் உண்டு. 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் 25ஏ பிரிவின் கீழ் அங்கீகாரம் உண்டா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டதா என்று பார்க்க அரை மணித்தியாலம் போதும். அந்த அரை மணித்தியாலத்தைச் செலவழிக்க தோட்டத்தில் ஆளில்லை. உங்கள் அலுவலகங்களில் இருக்கிறார்கள். சந்தா கட்டும் வீட்டுக்காரர் ஒரு போஸ்டரைக் கொண்டுவந்து காட்டினால், கட்டு, கட்டாதே என்று சொல்ல ஒரு ஆளையாவது வையுங்கள்.

சேமலாப நிதி என்றதும் ஒன்று நினைவு வருகிறது. வீடு கட்டவும் வைத்தியத்துக்கும் அதிலிருந்து 30 வீதம் முன்கூட்டியே எடுக்கலாம், பிள்ளையின் படிப்புக்கு எடுக்க முடியாது. அதை மாற்றக் கேளுங்கள் என்று எழுதத்தான் முதலில் இருந்தேன். பெரியப்பாவைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முதுகு வளைந்து சேர்த்த காசை, வேலை வருமா வராதா என்று தெரியாத ஒன்றில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக சந்தாவிலிருந்து ஒரு பங்கை எடுத்து, முதல் வருடப் பிள்ளைக்கு வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுங்கள். வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்டுவார்கள். நான் கட்டியிருப்பேன்.

அடுத்த விழாவில் தம்பியைப் போன்றவர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். பொன்னாடைக்காகச் சொல்லவில்லை. என்விகியூ என்றால் என்ன, எங்கே படிக்கலாம், எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று அவன் பத்து நிமிடம் பேசட்டும். கேம்பஸ் கிடைக்காதவர்கள்தான் அந்த மண்டபத்துக்கு வெளியே அதிகம்.

அந்தத் தகப்பனின் தொலைபேசி இலக்கத்தை அன்றே வாங்கி வைத்திருந்தேன். நேற்றுப் பேசினேன். மகனுக்கு யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம். அனுப்புங்கள் என்றேன், இந்தத் தடவை கணக்கோடு. எட்டு வருடம் ஆகலாம் என்றும் சொன்னேன். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அங்கேயே பழகச் சொன்னேன், விடுமுறையில் தம்பியிடம் வயரிங்கும் பழகட்டும் என்றேன். சிரித்தார். பதிவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதாம். பஸ் காசு இரண்டு பேருக்கு, ஒரு பயணப்பை, மெத்தை, வாளி, முதல் மாதச் சாப்பாடு, போர்டிங் முற்பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். அந்தத் தாளின் பிரதி இந்த வாரம் உங்கள் அலுவலகங்களுக்குத் தபாலில் வரும். மூன்றுக்கும்.

இப்படிக்கு,
மூன்று சங்கத்துச் சந்தாக்காரியின் மகள்