அந்தக் குழாயில் நெருப்பு வைக்காதே

அன்புள்ள நண்பா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். போன தடவை வந்தபோது உனக்கு ஒரு அடி நீளத்துக்கு அறுத்துக் கொடுத்தேனே, ஆளுக்கொரு சின்ன நீராவி பாய்லர் செய்ய, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் குழாய், அதில் இன்னும் கேஸ் டார்ச் வைக்கவில்லையே? வைக்காதே. இதை முழுசாகப் படி, அப்புறம் பேசலாம்.

என் பாதியில் பிரேசிங் (சிவக்கக் காய்ச்சி உலோகப் பற்றால் ஒட்டும் வேலை) தொடங்க எல்லாம் தயார். முன்தட்டு, பின்தட்டு இரண்டுக்கும் விளிம்பு மடித்து, அடுப்பின் சூடான புகை போகும் புகைக்குழாய்களுக்குத் துளையும் போட்டாகிவிட்டது. வேலைக்கு முன் சோதித்துப் பார்த்த துண்டைக் கேட்கும் நம் வாத்தியாரின் 'துண்டு எங்கேடா?' ஞாபகம் வந்தது. மிஞ்சிய வளையத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அறுத்தேன். டார்ச்சில் காற்றைக் குறைத்து, வாயு மிகுந்த சுடரில் நன்றாகச் சிவக்கவைத்து 20 நிமிடம் பிடித்தேன். ஆறியதும் வைஸில் கடிக்கவைத்து வளைத்தேன். நெருப்புக் கண்ட செம்பு எப்படி இழைந்து கொடுக்கும் என்று உனக்குத் தெரியும். இது பாதி வளைவதற்குள் வெளிப்பக்கம் சொரசொரத்து, குறுக்கே விரிசல் விட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், கையோடு வந்துவிட்டது. உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தேன். ஈரமணலைப் பிட்டதுபோல மணிமணியாக, செங்கல் நிறத்தில் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. உன் பாதிதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாளே காயலான் கடைக்குப் போய்த் துருவிக் கேட்டேன். குளிர்சாதன ஆலையில் கழற்றியது என்று சொல்லித்தான் விற்றார்கள். உண்மையில் அது வந்தது ஒரு மின் துணைநிலையத்திலிருந்து. கம்பிக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் பஸ்பார் குழாயடா அது!

மின்சாரம் கடத்தும் செம்பில் பெரும்பாலும் 0.02 முதல் 0.04 சதவீதம் வரை ஆக்ஸிஜன் இருக்கும். கடத்தலுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சிவக்கக் காய்ச்சும்போது சுடரிலுள்ள ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, அந்த ஆக்ஸிஜனோடு சேர்ந்து உள்ளேயே நீராவியாகிறது. நீராவிக்கு வெளியே வர வழியில்லை. செம்பின் நுண்மணிகளுக்கு நடுவே அழுத்தி, அதை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பாஸ்பரஸ் சேர்த்து ஆக்ஸிஜனை நீக்கிய செம்பு வேண்டும் என்கிறார்கள். அந்தப் பாஸ்பரஸால் கடத்துதிறன் குறையும், ஆகவே மின்வேலைக்காரர்கள் அதை விரும்புவதில்லை. பொருள் ஒன்றே, தேவை நேர் எதிர்.

எத்தனை அழகான குழாய் அது! 3 மில்லிமீட்டர் தடிமன், சுற்றி எட்டு இடத்தில் வெர்னியர் வைத்தும் ஒரே அளவு. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

'சிவக்கவைக்காமல் ஈயப் பற்றாலேயே ஒட்டிவிடலாமே' என்று நீ ஆரம்பிப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு! 5 பார் அழுத்தத்தில் நீராவியே 159 டிகிரி. ஈய-வெள்ளீயப் பற்று 183-இல் உருகத் தொடங்கிவிடும். தண்ணீர் மட்டம் ஒருமுறை இறங்கிச் செம்பு சூடேறினால் போதும், இணைப்பு கழன்றுவிடும். பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கப்போவது உன் பேரன். இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்.

சரி, இனி எங்கே தேடுவது? புகைக்குழாய்களுக்குக் கவலையில்லை. ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் குழாயே பாஸ்பரஸ் செம்புதான். 10 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு 200 முதல் 275 மில்லிமீட்டர் வரை நீளம் இருந்தால் புகையைச் சரியாக இழுக்கும், உன் வரைபடத்துக்கு அது பொருந்துகிறது. பெரிய குழாய்தான் தலைவலி. ஒரு அடி கேட்டால் முழு நீளம் வாங்கு என்கிறார்கள். மருத்துவமனைகளுக்கு வாயுக் குழாய் போடுபவர்கள், பெரிய கட்டடங்களில் குளிர்நீர்க் குழாய் போடுபவர்கள் ஆகியோரிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடக்கும். நான் அங்கேதான் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய தண்ணீர்க் குழாய் என்றால் உட்பக்கம் விளக்கடித்துப் பார், அரிப்புக் குழிகள் இருந்தால் விட்டுவிடு.

தடிமனை வாய்வார்த்தையில் நம்பாதே, தராசில் போடு. 100 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2.5 தடிமன் என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 6.8 கிலோ நிற்க வேண்டும். 4 கிலோ சொச்சம்தான் நின்றால் அது 1.5 தடிமன். 5 பாருக்கு வெறும் கணக்குப்படி, எட்டு மடங்கு பாதுகாப்பு வைத்தும், சுமார் 1 மில்லிமீட்டர் போதும் என்று வரும். ஆனால் புஷ் (வால்வு, அளவி மாட்டும் திருகுவளையம்) துளைகள், சூட்டில் குறையும் வலு, வருஷக்கணக்கான அரிப்பு எல்லாம் அதில் சேரவில்லை. நான் 2.5-க்குக் கீழே இறங்கமாட்டேன். கடையில் குழாய் விறைப்பாக இருக்கிறதே என்று அந்த வலுவையும் கணக்கில் எடுக்காதே, பிரேசிங் முடிந்ததும் எல்லாம் மெத்தென்று ஆகிவிடும்.

எதுவும் கிடைக்காவிட்டால் தகட்டை உருட்டி, உள்ளே பட்டை வைத்து மூட்டுப் போடுவோம். அண்ணன் உருளை மெஷினைத் தருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு முழங்கால் வலி தேவலை, உன்னை விசாரித்தார்.

உன் துண்டின் ஓரத்தில் ஒரு பட்டை அறுத்து, நான் சொன்னபடியே காய்ச்சி வளைத்துப் பார். ஒரே குழாய்தான், ஆனாலும் நீயே கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உடைந்த துண்டைத் தூக்கிப் போடாமல் வை, வாத்தியாரிடம் காட்டலாம். புதுக் குழாய் கிடைத்தால் பாதி உனக்கு. இந்தத் தடவை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் அறுப்பேன்.

உடனே பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பட்டறைக் கூட்டாளி