செத்தால் குளிப்பாட்டுங்கடி

மயிலாடுதுறை
ஐப்பசி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் அழுதாயே, அதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அந்தப் பாட்டி குளிக்க மாட்டேன் என்று உன் கையைக் கீறிவிட்டார், சரி. கோபப்படாதே.

உன் அப்பாயியும் இப்படித்தான். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து படுத்த முதல் வாரம், வாளியோடு நான் உள்ளே போனாலே கண்ணை மூடிக்கொள்வார். "செத்தா குளிப்பாட்டுங்கடி, இப்ப எதுக்கு?" என்பார். ஐப்பசி முழுக்க விடியுமுன்னே காவிரித் துலாக்கட்டத்தில் முங்கிவிட்டு, ஈரப்புடவையோடு நடந்தே வீடு வந்த மனுஷி! எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. 'குளிப்பாட்டட்டுமா' என்பதை விட்டுவிட்டு, 'குளிக்கிறீங்களா அத்தை' என்றேன். பிழிந்த துணியை அவருடைய வலது கையில் கொடுத்தேன். வலப்பக்க முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டார். இடப்பக்கம் இருப்பதே அவருக்கு நினைவில்லை. அதை நான் துடைத்தபோது தட்டிவிடவில்லை.

உங்கள் இல்லத்தில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் துணியை மொத்தமாகக் களையாதே. ஒரு கையைத் துடைத்து, ஒற்றி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போ. அந்தரங்கம் கடைசியில், வேறு துணி, வேறு தண்ணீர், முன்னிருந்து பின்னாக. மாற்றித் துடைத்தால் சிறுநீர்ப்பாதையில் கிருமி ஏறும். சூட்டை உன் முழங்கையில் பார். சர்க்கரைக்காரர்களின் காலுக்குச் சூடு தெரியாமல் போகும்.

மார்புக்கு அடியில், தொடையிடுக்கில், விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. நான் பவுடரை அள்ளிக் கொட்டி, அது களியாகக் கட்டி, அப்பாயிக்குப் புண்ணே வந்துவிட்டது. இன்னும் மனசு உறுத்துகிறது.

புரட்டும்போது புட்டத்துக்கு மேல் எலும்பையும் குதிகாலையும் பார். சிவந்திருந்தால் விரலால் அழுத்து. அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது, நர்ஸிடம் உடனே சொல். அந்த இடத்தைத் தேய்க்காதே. நம்மைப் போல் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

மாட்டேன் என்றால் மல்லுக்கு நிற்காதே. அரைமணி கழித்துப் போ. ஒரு நாள் முகம், அக்குள், கீழே மட்டும் துடைத்தாலும் போதும். பல்செட்டை மறந்துவிடாதே.

அந்தப் பாட்டிக்கு எந்த ஊர் என்று கேட்டாயா? நாற்காலியில் உட்கார வைத்துக் குளிக்க வைக்கும் நாளில் எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றாதே. முதல் சொம்பு பாதத்தில். ஆற்றில் இறங்கும்போது முதலில் நனைவது கால்தானே.

கீறலைச் சோப்புப் போட்டுக் கழுவினாயா? ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்குக்கு லீவு தருவார்களா, கேட்டு எழுது.

அம்மா