அது வெறும் காட்சிப் போட்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த காற்பந்து உலகக் கிண்ண வரலாற்றுக் கட்டுரையைப் படித்தேன். முதல் உலகக் கிண்ணம் நடந்த 1930க்கு முந்திய காலத்தைக் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: தேயிலை வியாபாரி ஒருவர் இத்தாலியில் நடத்திய காட்சிப் போட்டியாம். பக்கத்தில் அந்தப் போட்டிக் கிண்ணத்தின் படம் வேறு. அந்த வியாபாரி தோமஸ் லிப்டன். 1890இல் அவர் இங்கே வாங்கிய தோட்டங்களில் ஒன்றான தம்பேதன்னயில்தான் என் பாட்டி கொழுந்து பறித்தார். ஆகவே நானும் இரண்டு வார்த்தை சொல்லலாம்தானே.

1909இல் டூரினில் நடந்த அந்தப் போட்டிக்கு அணி அனுப்ப இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. போனது டர்ஹம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கக் கிராமமான வெஸ்ட் ஒக்லண்டின் கழகம். ஆங்கில முதலெழுத்துகள் (W.A.) ஒன்றாக இருந்ததால், லண்டன் கழகமான வூல்விச் ஆர்சனலுக்குப் போக வேண்டிய அழைப்புத்தான் இவர்களுக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, ஆதாரம்தான் இல்லை. எப்படியோ, சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள் ஸ்டட்கார்ட்டை 2–0 என்றும், இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரை 2–0 என்றும் வென்றார்கள். 1911இல் மறுபடியும் போய் ஜுவென்டஸை 6–1 என்று வீழ்த்தினார்கள். ஆம், அதே ஜுவென்டஸ்தான். இரண்டு முறை வென்றதால் கிண்ணம் அவர்களுக்கே சொந்தமாயிற்று. (லிப்டனுக்கோ கிண்ண ராசி கிடையாது. அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் ஐந்து முறை முயன்று ஐந்திலும் தோற்றவர் அவர்.)

ஆனால் பயணச் செலவு கழகத்தைக் கடனில் தள்ளியது. கிண்ணத்தை ஊர் விடுதிக்காரம்மாவிடம் 40 பவுணுக்கு ஈடு வைத்தார்கள். 1960இல்தான் 100 பவுண் கொடுத்து மீட்க முடிந்தது. இந்த இடத்தில்தான் எனக்குப் பாட்டி நினைவு வந்தது. தோடு அடகுக்கடைக்குப் போன மாதங்களில் காதுத் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருப்பார். குச்சியா தோடா என்று பார்த்தாலே வீட்டு நிலவரம் எங்களுக்குத் தெரிந்துவிடும். அரை நூற்றாண்டு கழித்து ஒரு கிராமம் அடகை மீட்டது என்றால் அது என்ன பாடு என்று எனக்குப் புரிகிறது.

அந்தக் கழகம் இன்னும் வடகிழக்கு இங்கிலாந்துச் சிறு கழகங்களின் நோர்தர்ன் லீக்கில்தான் ஆடுகிறது. பெரிய லீக்குகளின் பக்கம் போனதே இல்லை. சிறு கழகங்களுக்கான வாஸ் கிண்ண இறுதியாட்டத்துக்காக 2012இலும் 2014இலும் லண்டனின் வெம்ப்லி அரங்கு வரை போய், இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியது.

இன்னொன்று. மீட்ட கிண்ணமும் நிலைக்கவில்லை. 1994இல் திருடு போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது அதைப் போலவே செய்த வேறொன்று. அடுத்த முறை படம் போட்டால், எது அசல், எது பிரதி என்று கீழே ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஹப்புத்தளை