வாகரை வேடரையும் சேர்த்து எழுதுங்கள்

மட்டக்களப்பில் இனவழிப்புக்கு நீதி கேட்டு மனு எழுதிவரும் அமைப்புகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும்,

வணக்கம். உங்கள் மனுக்களில் நானும் கையொப்பமிட்டிருக்கிறேன், இனியும் இடுவேன். அந்த உரிமையோடுதான் கேட்கிறேன்: நான் கையொப்பமிட்ட எதிலும் எங்கள் மாவட்டத்தில் வாகரைப் பக்கம் வாழும் பழங்குடிகளான கரையோர வேடரைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாகரைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் இருந்தான். தகப்பனோடு காட்டுக்குத் தேன் எடுக்கப் போன கதைகளை ஆசையாகச் சொல்வான். "வேடன், வேடன்" என்று கூப்பிட்டே அவன் வாயை அடைத்தோம். அதில் என் குரலும் இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே அவன் படிப்பை விட்டுவிட்டான். சட்டம் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வருகிறது.

1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட இனவழிப்புச் சமவாயம் உங்களுக்கு மனப்பாடம். இலங்கை அதில் 1950 இலேயே சேர்ந்துவிட்டது. கொல்வது, பிள்ளைகளைப் பறித்து வேறு கூட்டத்திடம் கொடுப்பது உட்பட ஐந்து செயல்களை அது இனவழிப்பு என்கிறது. அவற்றுக்குப் பின்னால் அழிக்கும் நோக்கமும் இருக்க வேண்டும். ஆனால் முதல் வரைவில் இன்னொன்றும் இருந்தது. ஒரு மக்களின் மொழியையும் வழிபாட்டையும் அழிப்பதும் இனவழிப்பே என்ற பிரிவு அது. 25க்கு 16 என்ற வாக்கில் அதை எடுத்துவிட்டார்கள். எதிர்த்தவர்களில் கனடாவும் அமெரிக்காவும் இருந்தன. அதே கனடாவின் நாடாளுமன்றம், பழங்குடிப் பிள்ளைகளைப் பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகளில் நடந்தது இனவழிப்புத்தான் என்று 2022 இல் ஏகமனதாகச் சொன்னது. அதற்குள் சுமார் 150,000 பிள்ளைகள் அந்தப் பள்ளிகளைக் கடந்து போயிருந்தார்கள்.

சரி, வாகரைக்கு வருவோம். அங்கே வேடர் வாழும் குஞ்சங்குளத்தில் அவர்களின் அடையாளம் மறைக்கப்பட்டதை இனவழிப்பு என்று நான் சொல்லவில்லை. நோக்கத்தை நிரூபிக்க முடியாது. அந்தச் சமவாயத்திலிருந்து வெட்டி எறிந்த பகுதிதான் இவர்களுக்குத் தேவைப்பட்டது என்கிறேன். 1946 குடிசனமதிப்பில் நாடு முழுவதும் 2,361 வேடர். 1963 இல் 400. மற்றவர்கள் எல்லாம் செத்துப்போகவில்லை. வேறு நிரலில் எழுதப்பட்டார்கள். 2012 அறிக்கையில் பறங்கியருக்கும் மலாயருக்கும் தனி நிரல் இருக்கிறது, வேடருக்கு இல்லை. நாட்டின் உட்பகுதியில் அவர்களைச் சிங்களவராக எழுதினார்கள், எங்கள் கரையில் தமிழராக எழுதினோம். அவர்கள் தமிழ் பேசுவது உண்மை. அதற்காக அவர்களின் குமார தெய்வச் சடங்கும் காடும் களப்பும் எங்களுடையவை ஆகிவிடுமா?

அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் வேடரின் வேட்டைக் காடுகளைத் தண்ணீருக்குள் தள்ளியது. 1983 இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா வந்ததும் காட்டுக்குள் இருந்தவர்களை வெளியே எடுத்து ஹெனானிகலவில் குடியேற்றினார்கள். இவற்றைச் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது, வர வேண்டியதுதான். எங்கள் வாயால் எங்கள் கரையில் நடந்தது மட்டும் பேச்சில் வருவதே இல்லை.

அடுத்த மனுவில் கரையோர வேடரைப் பழங்குடிகள் என்ற பெயரிலேயே எழுதுங்கள். 2007 இல் ஐ.நா. பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. பண்பாட்டை அழிக்கக்கூடாது என்று அதன் 8ஆம் உறுப்புரை நேரடியாகவே சொல்கிறது. அதைப் பிடித்துக் கேளுங்கள். பழங்குடிகளுக்கான சர்வதேச தொழில் அமைப்பின் 169ஆம் சமவாயத்தை நேபாளம் ஏற்றுவிட்டது, இலங்கை இன்னும் ஏற்கவில்லை. அதையும் கேளுங்கள்.

ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு நாள் வாகரைக்குப் போங்கள். தங்களை எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். எழுதவே வேண்டாம் என்று சிலர் சொல்லலாம், நாங்கள் பேசிய பேச்சு அப்படி. அதையும் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள். கூட வர நான் ஆயத்தம்.

அன்புடன்,
வாழைச்சேனையிலிருந்து ஒருவன்