8 லட்சம் மானியமும் எங்கள் சாமி அலமாரியும்

ரெடிங், இங்கிலாந்து
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம்ங்க. காங்கயத்தில் பனி விட்டிருக்கும். போன ஞாயிறு, "கவர்மென்ட் குடுக்கிற 8 லட்சத்த எவனாச்சும் வேண்டாம்பானா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பதிலைக்கூடக் கேட்காமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அம்மா இட்லி மாவு புளிக்கிறதா என்று கேட்டதோடு சரி. ஹீட் பம்பு என்கிற சாமானுக்குக் கிடைக்கிற அந்த மானியத்தை விட்டுவிட்டு, கெட்டுப்போன பாய்லருக்குப் பதில் மறுபடியும் பாய்லரே வாங்கினது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பாய்லர் என்றதும் உங்களுக்கு நம் பொடக்காளியில் இருக்கிற செம்புப் பாய்லர் ஞாபகம் வரும். மாமாவுக்கென்றால் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் லாரி லாரியாக விறகு தின்கிற பாய்லர். இங்கே அது சமையலறைச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டி. கேஸில் ஓடும். அறைச் சுவர்களில் மாட்டிய ரேடியேட்டர் என்கிற இரும்புப் பலகைகளுக்குச் சுடுதண்ணி அனுப்பி வீட்டைச் சூடாக்குவதும் அதுதான், குழாயைத் திறந்தால் அப்போதே தண்ணி காய்ச்சித் தருவதும் அதுதான். இந்த வகைக்குக் காம்பி என்று பேர். எங்களுடையதற்கு 17 வயது.

ஜனவரியில் ஒரு நாள் காலையில் அது கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. புகையிலிருக்கிற நீராவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்கிற வகை இது. இங்கே 2005-லிருந்து புதிதாக மாட்டுகிறவர்கள் அந்த வகையைத்தான் மாட்ட வேண்டும். அப்படிச் சேர்கிற தண்ணி வெளியே போகிற சின்னக் குழாய் உறைந்து அடைத்துக்கொண்டது. உங்கள் மருமகன் வெதுவெதுப்பான தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றினார், ஓடியது. மூன்றாம் நாள் சுத்தமாகப் படுத்துவிட்டது. நான்கு நாள் இட்லிக் குண்டாவில் தண்ணி காயவைத்து, மாடிப்படியில் சிந்தாமல் தூக்கிப்போய்க் குழந்தைகளைக் குளிப்பாட்டினேன்.

வந்த பிளம்பர் உள்ளேயிருந்து, குழாய்த் தண்ணியைச் சூடாக்குகிற கையகல எவர்சில்வர் தகடு அடுக்கு ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். துவாரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காரை. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம் போர்த் தண்ணியில் போட்ட ஹீட்டர் கம்பி அச்சு அசலாக இப்படித்தானே இருக்கும்! ரெடிங் தண்ணியும் சப்பத் தண்ணிதான்ங்க. சிறுவாணி குடிப்பதற்குக் கோயமுத்தூர்க்காரர்கள் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

இனி மானியத்துக்கு வருகிறேன். அது ஹீட் பம்புக்குக் கொடுக்கிறது, 7,500 பவுண்டு, நீங்கள் சொன்ன 8 லட்சம் அதுதான். பம்பு என்றதும் "எத்தன எச்பி, எத்தன ஸ்டேஜ்?" என்று கேட்டீர்களே, இது தண்ணி இறைக்கிற பம்பு இல்லை. ஃபிரிட்ஜைத் திருப்பிப்போட்ட மாதிரி. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்து உள்ளே விடும். ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். உங்கள் மருமகனுக்கு அதில்தான் ஆசை.

ஆனால் இந்த 2025 தொடக்கத்தில் இங்கே கரண்ட் யூனிட் 25 பென்ஸ், கேஸ் 6 பென்ஸ். மூன்று மடங்கு சூடு கொடுத்தாலும் நான்கு மடங்கு விலையில் அது கரைந்துபோகிறது. தோட்டத்து மோட்டாருக்கு இலவசக் கரண்ட் வாங்குகிற உங்களுக்கு இது எங்கே புரியப்போகிறது! மானியம் போகக் கைக்காசு 5,000 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். ரேடியேட்டர் பாதியைப் பெரிதாக மாற்ற வேண்டும். அளவெடுத்து, மனுப் போட்டு, ஆள் வர எப்படியும் சில வாரம். ஜனவரிக் குளிரில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பது?

இன்னொன்று, அதற்குச் சுடுதண்ணி சேர்த்துவைக்க ஆள் உயரத்துக்கு ஒரு டாங்க் வேண்டும். அந்தக் காலத்தில் டாங்க் நின்ற மாடி அலமாரியில்தான் நம் சாமி படங்கள் இருக்கின்றன. அண்ணமாரை எங்கே குடிவைப்பது?

அதனால் மறுபடியும் காம்பிதான். விற்க வந்தவர் 40 கிலோவாட் வாங்கச் சொன்னார். கிணற்றில் ஊற்று எவ்வளவோ அதற்குத் தக்க மோட்டார் போடு என்று நீங்கள் சொல்வது ஞாபகம் வந்தது. இந்த வீட்டைச் சூடாக்க 10 கிலோவாட்டே தாராளம், மிச்சமெல்லாம் குளிக்கிற தண்ணிக்கு. நம் ஊரில் தொட்டித் தண்ணியே 27 டிகிரி இருக்கும், அடுப்பில் கொஞ்சம் காட்டினால் குளிக்கலாம். இங்கே ஜனவரியில் குழாய்த் தண்ணி 6, 7 டிகிரி. அதே பக்கெட்டுக்கு இரண்டரை மடங்கு சூடு வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 30 கிலோவாட்டுக்கு நிமிஷத்துக்கு 12 லிட்டர் வரும், ஒரு பக்கெட் ஒன்றேகால் நிமிஷம். குளியலறை ஒன்றுதான், அது போதும். 30-தான் வாங்கினேன். கூலியோடு சேர்த்து 3,100 பவுண்டு.

மாட்டுவதற்கு முன் ரேடியேட்டர்களைக் கழுவிவிட்டார்கள். வந்த தண்ணியைப் பார்க்க வேண்டுமே, நொய்யலில் ஓடிய சாயத் தண்ணி தோற்றது. அத்தனையும் துருக் கசடு. இப்போது அதைப் பிடிக்க ஒரு காந்த ஃபில்டர் வைத்திருக்கிறார்கள், காரைக்குத் தனியாக ஒன்று. உறைந்த குழாயைத் தடிமனாக மாற்றிப் பஞ்சு மாதிரி ஒன்றைச் சுற்றிவிட்டார்கள். பிளம்பர் போன பிறகு, ரேடியேட்டருக்குப் போகிற தண்ணியை 75 டிகிரியிலிருந்து 55-க்கு நானே இறக்கினேன். திரும்பி வருகிற தண்ணி ஆறியிருந்தால்தான் நீராவிச் சூட்டைப் பிடிக்கும், இல்லாவிட்டால் காசு புகையோடு போகும். வீடு சூடாகக் கொஞ்சம் நேரமாகிறது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல்லுங்கள், பேப்பரில் வருகிற பாத்ரூம் கேஸ் கீசர் சாவு மாதிரி இல்லை இது. எரிகிற காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிறது. கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர்தான் கை வைக்கலாம், அட்டையை வாங்கிப் பார்த்தபிறகே உள்ளே விட்டேன். கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்துகிற அலாரமும் இருக்கிறது.

மே மாதம் வரும்போது உங்களுக்கு ஒரு பெரிய பக்கெட்டும் சொம்பும் வாங்கிவைக்கிறேன், ஷவர் வேண்டாம். நீங்கள் குளிக்கிறபோது அம்மா கீழே சுடுதண்ணிக் குழாயைத் திறக்காமல் இருந்தால் சரி, திறந்தால் உங்களுக்கு வருகிறது குறைந்துபோகும்.

மானியத்தை விட்ட கதையை மட்டும் மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். சொட்டுநீருக்கு மானியம் வாங்க அவர் ஒரு வருஷம் நடந்தவர்.

அன்புடன்,
உங்கள் மகள்