செயலாளரின் ஆண்டறிக்கை: மைதானமும் எங்கள் நிலைமையும்

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். கூட்டங்கள், சந்தா, கழக நாள் விபரமெல்லாம் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. இந்த வருடம் எங்கள் விளையாட்டுக் கழகத்தை அதிகம் அலைக்கழித்தது மைதானம்தான், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் கடலோர ஊரான கல்லடியின் மணலில் ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற யூரியாவும் வேரில் தங்காமல் கீழே இறங்கிவிடும். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த பிறகு யூரியா விலையும் பழைய நிலைக்கு வரவில்லை. வரண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் வேறு உப்புத் தட்டுகிறது. இதையெல்லாம் தாங்கி நிற்பது அறுகுதான். பிள்ளையாருக்கு வைக்கிற அறுகின் இனங்களைத்தான் வெப்ப நாடுகளில் கோல்ப் மைதானங்களிலும் வளர்க்கிறார்கள், அதனால் காசு கொடுத்து வேறு புல் இறக்குவோம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அறுகுக்கு வெயில் வேண்டும், கொஞ்சம் தண்ணீர் வேண்டும், மிதிபடாத நாட்களும் வேண்டும். நாங்கள் கொடுக்காதது அந்த நாட்களைத்தான்.

சுற்றுப்போட்டிக்கு வாடகைக்கு விடாவிட்டால் மோட்டர் கரண்ட் பில்லும் புல்வெட்டும் மெஷினுக்குப் பெற்றோலும் எங்கிருந்து வரும்? சரி, காசு தருகிறவர்கள் பச்சையான மைதானத்தை எதிர்பார்ப்பதும் நியாயம். ஆனால் ஒவ்வொரு சனி ஞாயிறும் விளையாடினால் படர்கிற தண்டு அறுந்து, கோல் வாசலிலும் பந்து வீசுபவர் ஓடிவருகிற இடத்திலும் வெறும் மணல்தான் மிஞ்சுகிறது. கோல்ப் மைதானக்காரர்கள் குழியைச் சுற்றிய புல்லுக்கே அதிக உழைப்பைக் கொடுத்து, ஓரங்களை வளரவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: இருக்கிற தண்ணீர் முதலில் நடுவுக்கும் கோல் வாசலுக்கும், எல்லைக்கோட்டுப் பக்கம் மாரி வரும்வரை பொறுக்கட்டும். புல்லை மொட்டையாக வெட்டச் சொல்லும் தம்பிமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் வேர் சோர்ந்துவிடும், பிறகு வெயிலில் அது எழும்பாது.

மைதானத்தைப் பார்க்கிற அண்ணன் விடியுமுன்னே வந்து தண்ணீர் விடுகிறார். அவருக்கு நாங்கள் கொடுக்கிற சம்பளம் போதாது, வாடகையைக் கூட்டினால் கூடுகிற பணம் முதலில் அவருக்கே போக வேண்டும்.

ஐப்பசி முதல் தை வரை மைதானத்தை மூடி, மழை தொடங்கும்போதே வெறும் இடங்களில் அறுகந்தண்டு நட வேண்டும் என்று முன்மொழிகிறேன். அந்த மாதங்களில் சுற்றுப்போட்டிகள் குறைவு, வருமான இழப்பும் குறைவு. பயிற்சியைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம். சபை இன்றே இதற்கு முடிவு சொல்ல வேண்டும்.