அகலத்தைக் கொஞ்சம் அடக்கு

தக்கலை

அன்பு மக்கா,

உன் கடிதமும் வீட்டு வரைபடமும் கிடைத்தன. ராஜாக்கமங்கலம் தென்னந்தோப்பில் கடைசியில் வீடு எழும்பப் போகிறது என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. மகளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை கிடைத்துவிட்டது, அந்தக் கவலை தீர்ந்தது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கூடம், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றும் சுவரில்லாமல் ஒன்றாக, 30 அடி அகலம், 40 அடி நீளம். நடுவில் தூண் கூடாது. ஓட்டுக் கூரை முகடுவரை திறந்து தெரிய வேண்டும், குறுக்கே ஒரு சட்டமும் ஓடக் கூடாது என்கிறாய். மரமா, இரும்பா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் ஒன்று தீர்மானமாக வேண்டும்: அந்தக் கூரை சுவரை வெளியே தள்ளுமே, அதை எது பிடித்து நிறுத்தப் போகிறது?

முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து வரும் மரங்கள்தான் கழுக்கோல்கள். இரண்டு கழுக்கோல்கள் முகட்டில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்போது கீழ்முனைகள் விலகப் பார்க்கும். 30 டிகிரி சாய்வில், அந்த ஜோடி சுமக்கும் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் ஒவ்வொரு பக்கச் சுவரிலும் வெளித்தள்ளலாக வந்து சேரும். சாய்வை 20 டிகிரிக்குத் தாழ்த்தினால் அது மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிடும்; ஓட்டின் இடுக்கில் மழையும் ஏறும். நம் அப்பாக்கள் கட்டிய வீடுகளில் அறைச் சுவர்களும் மச்சு உத்திரங்களும் இந்தத் தள்ளலைப் பிடித்துக்கொண்டிருந்தன. நீ இரண்டையும் எடுத்துவிட்டாய்.

முகட்டு உத்திரத்தை அடியில் கொடுத்துக் கழுக்கோல்களைத் தாங்கினால் தள்ளல் இராது. ஆனால் கூரை எடையில் பாதி அந்த ஒரே உத்திரத்தின்மேல் இறங்கும். ஓடு, அதைத் தாங்கும் பட்டியல் சட்டங்கள், கழுக்கோல் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 65 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 4 டன். 40 அடிக்கு ஒரே துண்டாக அயினியோ தேக்கோ எங்கே தேடுவாய்? நடுவில் இரண்டு தூண் நிறுத்த மனம் வந்தால் உத்திரம் 13 அடித் துண்டுகளாகிவிடும், நல்ல அயினி தாராளமாகத் தாங்கும். தூண்கள் உனக்கு ஏன் இவ்வளவு கசக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை. நம் ஊரில் தூண் இல்லாத பெரிய வீடு உண்டா?

தூண் வேண்டவே வேண்டாம் என்றால் இரும்புக் குழாய் டிரஸ், அதாவது முக்கோணச் சட்டகம், போடு, கீழ்ச்சட்டத்தோடு. இரண்டு பாதங்களையும் விலகாமல் பிடிப்பது அதுதான். அந்தச் சட்டம் பெரும்பாலும் இழுப்பை மட்டும்தான் தாங்குகிறது, அதனால் மெல்லியதாக இருக்கலாம். ஓட்டின் நிழலில் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் வெறும் கம்பியாகப் போட்டுவிடாதே. பெருங்காற்று கூரையைத் தூக்கும்போது இழுப்பு அழுத்தமாக மாறக்கூடும். கம்பி அப்போது நெளிந்துவிடும், குழாய் நிற்கும். கீழ்ச்சட்டத்தைக் கத்தரிபோல மேலே உயர்த்திக் கட்டுவதும் உண்டு. அதற்கு இரும்பும் கூடும், மூட்டுகளில் விசையும் கூடும். உனக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இங்கே பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுப்புரையை நீயும் பார்த்திருக்கிறாய். ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணும் இடம் என்பார்கள். நீளம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அகலம் அதற்கு முன் ஒன்றுமில்லை. கூரைக்குச் செலவு அகலத்தில்தான் என்று அந்தத் தச்சர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. உன் தோப்பும் கிழமேற்கில் நீண்டதுதானே? 30க்கு 40 என்பதை 24க்கு 50 ஆக்கு. பரப்பு அதே 1,200 சதுர அடி. ஒரே பருமனுள்ள உத்திரம், அடிக்கு அதே எடையைச் சுமந்தால், 24 அடியில் தொய்வதைப்போல 30 அடியில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு தொய்யும். உன் கடிதத்துக்கு நான் எழுதும் பதிலில் முக்கியமானது இதுதான். மரமா இரும்பா என்பதெல்லாம் இதற்கு அடுத்தது.

2017 நவம்பர் 30 நினைவிருக்கிறதா? ஒக்கிப் புயல் அடித்த அன்று ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்ததைப் பார்த்தோம். தகரம் போட்டால் செலவு குறையும் என்று உன் மைத்துனர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். தகரம் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட வராது, காற்று அதை எளிதாகத் தூக்கும். ஜன்னல்கள் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும். ஓட்டின் எடை அங்கே உனக்குத் துணை. ஆனாலும் சுவரின் தலையில் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போட்டு, டிரஸ்ஸின் பாதத்துக்கான போல்ட்டுகளைக் கான்கிரீட் வார்க்கும்போதே பதித்துவிடு. பிறகு துளைபோட்டுச் சொருகலாம் என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் கட்டியே ஆக வேண்டும்.

டிரஸ்ஸின் ஒரு பக்கப் பாதத்தில் போல்ட் துளை நீள்வட்டமாக இருக்கட்டும். 30 அடி இரும்பு, 30 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டர் நீளும். அது நகர இடம் வேண்டும். இன்னொன்று, குழாயின் வாய்களை எல்லாம் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைக்கச் சொல். உங்கள் கடற்காற்று உள்ளே புகுந்தால் வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். எந்தக் குழாய், எத்தனை அளவு என்பதை ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டுத் தரட்டும்.

மார்கழித் தேருக்குச் சுசீந்திரம் வருகிறேன். மறுநாள் உன் தோப்புக்கு வருவேன். அதுவரை அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்ட வேண்டாம். 24க்கு 50 ஒரு தாளில் வரைந்து வை, சமையலறையை எந்த முனையில் வைப்பது என்று வீட்டிலும் கேட்டு வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்